அடுப்புக்கு முகவரி

உணவுத் துறை லைசன்ஸ் நம்பர் இல்லாத பாக்கெட்டை வைக்க மாட்டேன் என்று வைட்ஃபீல்ட் அபார்ட்மெண்ட் கடைக்காரர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். உதயாவின் பூண்டுப் பொடிக்கு அங்கே நல்ல கிராக்கி. லைசன்ஸ் வாங்குவதும் பெரிய காரியமில்லை. ஆனால் பொடி தயாராகும் இடத்தின் முகவரியைக் கேட்டார்கள். அங்கேதான் சிக்கல்.

அடுகோடியில் அவள் குடியிருந்தது கோவிந்தப்பாவின் மாடி வீடு. சாவி கொடுத்த அன்றே அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்தக் கட்டடத்துல யாரும் யாபாரம் பண்ணக் கூடாதும்மா. கரண்ட் மீட்டரை கமர்ஷியல்னு மாத்திட்டா நான் எங்க போறது? தெரிஞ்சுது, அன்னிக்கே காலி பண்ணணும்."

மகளின் ஸ்கூல் தெருமுனையிலேயே இருந்தது. இந்த வீட்டை விட்டால் உதயாவுக்கு வேறு கதியில்லை.

"முகவரியை மட்டும் வாடகைக்குத் தர்றாங்கடி," என்றாள் தோழி மகா. உதயாவும் வைட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முகவரியைப் பிடித்து லைசன்ஸ் மனுவில் எழுதிப் போட்டாள்.

சோதனைக்குப் போன அதிகாரி மஞ்சுநாத் அங்கிருந்தே போன் செய்தார். "ஏம்மா, இங்க ஒரு டேபிள் இருக்கு, ஒரு பூந்தொட்டி இருக்கு. அடுப்பு எங்க?"

"அடுப்பு... ஆனேக்கல்ல இருக்கு சார்." வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

ஆனேக்கல்லில் இருந்தது மகாவின் வீடு. மகா வெந்நீர் வைத்தாலே பாத்திரம் கருகும். மனுஷன் அங்கேயும் பஸ் பிடித்துப் போய், "கொஞ்சம் பொடி வறுத்துக் காட்டுங்க" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மகா வறுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார்கள்.

சாயங்காலமே போன் வந்தது. "நாளைக்கு நிஜமான அடுப்பைக் காட்டலன்னா அப்ளிகேஷன் கேன்சல்மா."

இனி எங்கே ஓடுவது? அடுகோடி முகவரியைச் சொன்னாள்.

"ஒரே ஒரு உதவி சார். வீட்டு ஓனர் கேட்டா எங்க சித்தப்பான்னு சொல்லிக்கிறேன். கோலார் தங்கவயல்லேர்ந்து வந்திருக்கீங்க."

மஞ்சுநாத் பெருமூச்சு விட்டார். "சொல்லிக்கோம்மா. இந்த வேலையில எனக்கு ஊரெல்லாம் சொந்தம்."

மறுநாள் பார்த்துக் கோவிந்தப்பா கேட்டிலேயே நின்றிருந்தார். "எங்க சித்தப்பா சார்," என்று சொல்லி, அவர் வாயைத் திறப்பதற்குள் மஞ்சுநாத்தை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள் உதயா.

மஞ்சுநாத் டேப்பை எடுத்துச் சமையலறையை அளந்தார். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தார். அடுப்பைப் போட்டோ எடுக்கக் குனிந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கோவிந்தப்பா நேராக உள்ளே வந்து நின்றார். டேப்பைப் பார்த்தார், போனைப் பார்த்தார், குனிந்திருந்தவரையும் பார்த்தார்.

உதயா மனதுக்குள் சாமான்களை மூட்டை கட்டவே தொடங்கிவிட்டாள்.

கோவிந்தப்பா வாயெல்லாம் பல்லாக அவள் பக்கம் திரும்பினார்.

"இவரு உன் சித்தப்பான்னு முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? என் சம்சாரத்துக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு அவளே சொன்னாளே, போன மாசம் வந்தப்ப கீழ எங்க சமையல் ரூமையும் இப்படித்தான் அளந்து போட்டோ எடுத்துட்டுப் போனாரு."