ஊசியக்காவின் ராசா ஒளிக்கமாட்டார்

ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையில் கிடைக்கிற பத்தே நிமிடத்தில், போலந்து நாட்டில் இருக்கும் ஒருவரின் ராசாவைப் போன் செஸ்ஸில் சாய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, "அடுத்த ஆள் வாங்கோ" என்று கூப்பிடக்கூடிய பெண் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவரும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறார். எனக்குத் தெரிந்து இதை மறுத்தவர் எவருமில்லை. மறுக்கக்கூடிய போலந்துக்காரருக்குத் தமிழ் தெரியாது.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், சலூனுக்கும் புடவைக் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன மருத்துவ ஆய்வுகூடம். நாங்கள் லாப் என்போம். அங்கே நான் ரிப்போட் அடிப்பவனாக மூன்று வருடம் இருந்தேன். ரத்தம் எடுப்பவர் ஊசியக்கா. அவருக்குப் பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று சம்பளச் சிட்டையில் இருந்தது. அங்கேயே இருந்தது. கல்கிசையிலிருந்தும் ஹெந்தளையிலிருந்தும் வருகிறவர்கள்கூட வாசலில் நின்று, "ஊசியக்கா இருக்கிறாவோ? இல்லாட்டி நாளைக்கு வாறம்" என்பார்கள். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது, முன் தலையில் மைதானம் திறக்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் ஊசியக்காவுக்கு நான் தம்பிதான்.

அவருடைய ஊசி வலிக்காது. காரணம் கைராசி என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அது சூழ்ச்சி. ஒருமுறை உடற்பயிற்சி மாஸ்டர் ஒருவர் வந்தார். புஜம் ஒவ்வொன்றும் பலாப்பழம். ஊசியைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"பய வென்ன எபா, மல்லி," என்று, அதாவது பயப்படாதே தம்பி என்று, சிங்களத்தில் பயத்தைப் போக்கிவிட்டு, மேசையில் கிடந்த போனைக் காட்டினார் ஊசியக்கா. "இந்தக் குதிரை எங்க போகலாம் எண்டு ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். யோசித்தார். "இந்தப் பக்கம்?" என்று அவர் கேட்டபோது ரத்தம் எடுத்து, பஞ்சும் ஒட்டியாகிவிட்டது. "அங்க போனால் செத்துப்போம் மல்லி," என்றார் அக்கா. மாஸ்டர் ஊசியை மறந்து, குதிரைக்காகக் கவலைப்பட்டபடி வெளியே போனார்.

கொரோனா ஊரடங்கில்தான் அவருக்கு இந்தப் பித்துப் பிடித்தது. பாமன்கடை வீட்டில் பொழுது போகாமல், காயைத் தாவி வெட்டுகிற டாம் விளையாட்டு என்று நினைத்து செஸ்ஸைப் போனில் இறக்கிவிட்டார். மூன்று நாள் எதிரியின் காய்களைத் தாவி வெட்டப் பார்த்திருக்கிறார். ஒன்றும் தாவவில்லை. குதிரை மட்டும் தாவியது. அன்று தொடங்கியது அவருக்கும் குதிரைக்குமான பாசம். பிறகு விதிகளைப் படித்தார். ஆனால் ராணியைக் கொடுத்தாவது குதிரையைக் காப்பாற்றுகிற குணம் மாறவில்லை.

எரிவாயுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் வெற்றுச் சிலிண்டருடன் வரிசையில் நின்றபோதும் விளையாட்டு நடந்தது. எதிரே யாரோ பிரேசில்காரர். திடீரென்று அக்கா துள்ளிக் குதித்து, "வந்திட்டுது! வந்திட்டுது! முடிஞ்சான்!" என்று கத்தினார். வரிசையில் இருந்தவர்களுக்கு முதற்சொல் மட்டும் போதுமாயிருந்தது. இருநூறு சிலிண்டர்கள் ஒரே சமயத்தில் உருண்டன. லொறி எங்கே என்று எல்லோரும் ஓடியபோது, அக்கா மட்டும் நின்ற இடத்தில் நின்று பிரேசிலுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

அவர் விளையாடும் முறையைச் செஸ் தெரிந்தவர்கள் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். முதல் நகர்விலிருந்தே அடி. பின்வாங்குதல் கிடையாது. செஸ்ஸில் ராசாவை மூலைக்கு அனுப்பி, பக்கத்தில் கோட்டைக் காயைக் காவலுக்கு வைக்கிற ஒரு வசதி உண்டு. உலகமே அதைச் செய்கிறது. ஊசியக்கா செய்யமாட்டார்.

"ஏனக்கா? ராசாவுக்குப் பாதுகாப்பெல்லோ?"

"சனம் முழுக்க முன்னுக்கு நிண்டு அடிபடேக்க மூலைக்க போய் ஒளிக்கிறவன் என்ன ராசா தம்பி? என்ர ராசா ஒளிக்கமாட்டார்."

சமநிலைக்கும் சம்மதிக்கமாட்டார். "ரிப்போட்டில ஒண்டில் இருக்கு எண்டு வரும், இல்லாட்டி இல்லை எண்டு வரும். சமன் எண்டு எங்கயாவது வந்ததோ?" என்பார். 

வினையும் ஒரு ரிப்போட்டில்தான் வந்தது. அவர் விளையாடும் செயலி, கடைசி ஆட்டங்களை ஆராய்ந்து, அவரது பலம் என்ன, எங்கே திருந்தவேண்டும் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை அனுப்பியது. "தம்பி, இதைத் தமிழில அடிச்சுத் தாங்கோ, ஆறுதலாப் படிக்க," என்றார். நானும் குறும்பாக லாப்பின் கடிதத்தாளிலேயே அடித்தேன்:

தாக்குதல்: மிக உயர்வு.
துணிவு: சாதாரண அளவுக்கு மேல்.
ராசாவின் பாதுகாப்பு: ஆபத்தான நிலை.
பொறுமை: கண்டறியப்படவில்லை.
குறிப்பு: நேரம் போவதைக் கவனிக்கவும். ராணியை அநாவசியமாக இழக்கவேண்டாம்.

அச்சு இயந்திரத்தில் அதற்கு முன்னால் ஒரு கொழுப்புப் பரிசோதனை ரிப்போட் இருந்தது. இரண்டும் ஒன்றாக வெளியே வந்தன. கொழுப்பு ரிப்போட் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவருடையது. அவருக்கு நான் எதை எடுத்துக் கொடுத்தேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும்.

அடுத்த நாள் காலை தபாலதிபர் மனைவியுடன் வந்தார். தாளை மேசையில் விரித்தார். "எனக்கு ராசாவின்ர பாதுகாப்பு ஆபத்தாம். அது எந்த உறுப்பு பிள்ளை? நேரம் போகுதெண்டும் போட்டிருக்கு. எவ்வளவு காலம் இருக்கு?"

மனைவி நிதானமாக இருந்தார். "பொறுமை இல்லையெண்டு போட்டிருக்கிறது சரிதான். நாப்பது வருசமா நான் சொல்லுறன், மெசின்தான் கண்டுபிடிச்சிருக்கு. ஆனா அந்த ராணி ஆரெண்டு மட்டும் எனக்குத் தெரியவேணும்."

அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி டொக்டர் உள்ளே நுழைந்தார். தாளை வாங்கி வாசித்தார்; அக்காவின் செஸ் பித்து அவருக்கும் தெரிந்ததுதான். தபாலதிபரிடம் மன்னிப்புக் கேட்டு, சரியான ரிப்போட்டைக் கொடுத்து, ராணி என்று எவருமில்லை என்று அந்த அம்மாவுக்குச் சத்தியம் செய்து அனுப்பிவைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரும் இண்டையோட வேலையால நிக்கலாம்," என்றார்.

 பிழை என்னுடையது என்று எல்லோருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்குமுன் ஊசியக்கா சொன்னார்: "தம்பியில பிழையில்லை டொக்டர். நான்தான் அடிக்கச் சொன்னனான். நான்தான் எடுத்தும் குடுத்தனான்." இரண்டாவது வசனம் பச்சைப்பொய்.

டொக்டர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இன்னொரு லாப். அதன் கண்ணாடியில் ஒரு வெள்ளிக் கிண்ணம் மின்னிக்கொண்டிருந்தது. கொழும்பில் இருக்கும் சிறிய லாப்காரரும் பார்மசிக்காரரும் வருடாவருடம் கூடி நடத்தும் விளையாட்டுப் போட்டியில் செஸ்ஸுக்கான கிண்ணம் அது. மூன்று வருடமாக அவர்களுக்கே போகிறது. போன வருடம் எங்கள் டொக்டர் தானே போய் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணி ஆறுமுன்னம் தோற்றுவிட்டு வந்தவர்.

"அவ்வளவு கெட்டிக்காரி எண்டால் வாற ஞாயிறு உந்தக் கப்பைக் கொண்டு வாரும். இல்லாட்டித் திங்கக்கிழமை ரெண்டு பேரும் வரவேண்டாம்."

"அதுக்கென்ன டொக்டர்," என்றார் அக்கா, பிளேன்ரீ வாங்கிவரச் சொன்னது போல.

அதற்கென்ன என்பது அன்று மாலையே தெரிந்தது. ஊசியக்கா வாழ்க்கையில் உண்மையான செஸ் பலகையைத் தொட்டதேயில்லை! நான் ஒன்றை இரவல் வாங்கி வந்து மேசையில் வைத்தேன். அவர் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திகைத்தார். "என்ன தம்பி இது, காய்க்குப் பின்னால காய் மறைக்குது? ஒண்டும் தெரியேல்லை." போனில் எல்லாம் மேலிருந்து பார்த்த தட்டைப் படம். எழுந்து நின்று நேரே கீழே பார்த்தார். "ஆ, இப்ப சரி."

அடுத்த சிக்கல் விரல். நரம்பு தேடித் தட்டித் தட்டிப் பழகிய கை, யோசிக்கும்போது காய்களையும் தட்டியது. போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். தட்டின காயெல்லாம் நகர்த்தினால் ஊசியக்கா தானே தன்னைத் தோற்கடித்துவிடுவார். ஐந்து நாள் பயிற்சி செய்தோம். கடைசியில் யோசிக்கும் நேரமெல்லாம் வலக்கையால் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பது என்று முடிவானது.

ஞாயிறு வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம். கோவில் மணியும் தேவாலய மணியும் முறைபோட்டு அடித்துக்கொண்டிருந்தன. கழுத்துப்பட்டி கட்டிய ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் கத்தரிப்பூச் சேலையில் ஒரு பெண் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டு விளையாடினார். எதிரே இருந்த மருதானைப் பார்மசிக்காரர் நடுவரிடம் முறையிட்டார்.

"இந்த நோனா நிண்டுகொண்டிருக்கிறா."

நடுவர் புத்தகத்தைப் புரட்டினார். நிற்கக்கூடாது என்று எங்கும் இல்லை.

மருதானைக்காரரின் ராசா பதினைந்தாவது நகர்வில் விழுந்தார். இரண்டாவது ஆட்டத்தில் அக்கா ராணியைத் தூக்கிக் கொடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இரண்டு குதிரைகள் எதிரியின் ராசாவை நடுவில் விட்டுக் கும்மியடித்துக்கொண்டிருந்தன. மூன்றாமவர் அக்காவின் பார்வைக்கே பயந்து தவறுவிட்டார்.

கடைசி ஆட்டம் ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து லாப்பின் மனேஜருடன். பாடசாலைக் காலத்துச் சாம்பியன். மனிதர் அவசரமே படவில்லை. தன் ராசாவை மூலையில் பத்திரமாக வைத்தார். அக்காவின் ஒவ்வொரு அடியையும் வாங்கி, காய்க்குக் காய் மாற்றி, பலகையைத் துடைத்துப் போட்டார். மிஞ்சியது அவருக்குச் சாய்வாக ஓடும் ஒரு மந்திரி, அக்காவுக்கு ஒரு குதிரை, ஆளுக்கு இரண்டு மூன்று சிப்பாய். அக்காவின் கடிகாரத்தில் நேரம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"சமனாக்குவமோ அக்கா?" என்றார் மனேஜர் சிரித்தபடி. சமன் என்றால் போன வருடம் வென்றவர் என்ற முறையில் கிண்ணம் அவருக்கே.

"அப்பிடி ஒண்டு இல்லைத் தம்பி," என்றார் அக்கா.

எங்கள் டொக்டர் பார்க்கத் தைரியமில்லாமல் வெளி விறாந்தையில் நின்றார். நான் யன்னலால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்ன நிலை?"

"எங்கட ராசா நடக்கத் தொடங்கிட்டார் டொக்டர்."

"ஐயோ! அவர் ஏன் நடக்கிறார்?"

எனக்கும் முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மூலையில் பத்திரமாக இருந்த மனேஜரின் ராசா, சண்டை நடக்கிற இடத்துக்கு வர ஐந்து அடி எடுத்துவைக்கவேண்டும். ஒளிக்கத் தெரியாத எங்கள் ராசா ஏற்கெனவே நடுவில்தான் நின்றார். அவர் ஒரு சிப்பாயின் தோளில் கைபோட்டதுபோலப் பக்கத்தில் நடந்தார். மனேஜரின் ராசா மூலையிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்தார். மந்திரி வழிமறிக்கப் பார்த்தது. குதிரை தாவி அதை விரட்டியது. மனேஜரின் ராசா வந்துசேர்ந்தபோது ஒரே ஒரு அடி பிந்திவிட்டார். அக்காவின் சிப்பாய் கடைசிக் கட்டத்தில் ஏறி ராணியாகிவிட்டது. கடிகாரத்தில் பதினொரு வினாடி மிச்சம்.

மனேஜர் நல்ல மனிதர். எழுந்து தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினார். அக்கா பழக்கதோஷத்தில் அந்தக் கையைப் பிடித்து, உள்ளங்கையை மேலே திருப்பி, முழங்கை மடிப்பைத் தட்டிப் பார்த்து, "நல்ல நரம்பு," என்றார். மண்டபம் சிரித்து ஓய நேரமெடுத்தது. டொக்டர் ஓடி நான் அதுவரை கண்டதில்லை. அன்று கதிரைகளைத் தாண்டி ஓடினார். "எங்கட லாப்! எங்கட லாப்!" என்று நடுவரையும் கட்டிப்பிடித்தார்.

திங்கட்கிழமை கிண்ணம் எங்கள் கண்ணாடிக்குள், ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி நின்றது. 'வேலை நேரத்தில் போன் பாவிக்கக்கூடாது' என்ற அறிவித்தலின் கீழே டொக்டரே பேனையால் 'செஸ் தவிர' என்று எழுதினார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது திங்கட்கிழமை அல்ல, ஞாயிறு பின்னேரம் நாங்கள் திரும்பி வந்த பஸ். இருக்கை கிடைத்துவிட்டது. கிண்ணம் என் மடியில். காலிமுகத்திடலில் பட்டங்கள் பறந்துகொண்டிருந்தன. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, நின்று நின்று வீங்கிய காலை நீட்டினார்.

"தம்பி, தோத்திருந்தாலும் நீங்கள் யோசிக்கத் தேவையில்லை. கொட்டாஞ்சேனையில ரெண்டு லாப்பில கதைச்சு வைச்சனான். ரிப்போட் அடிக்க ஆள் வேணுமாம். நல்ல பெடியன், ஒருக்காத்தான் பிழை விட்டவன் எண்டு சொன்னனான்."

"உங்களுக்கு அக்கா? உங்களுக்கும் கேட்டனீங்களோ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மையிலேயே யோசித்தார்.

"அட, அதைக் கேக்க மறந்துபோனனே."

கிண்ணம் பெரியதாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. வெள்ளவத்தை வரும்வரை நான் என் முகத்தை அதற்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.