மக்காமேயின் பெட்டியில் பன்னிரண்டு கத்திரி

மக்காமே என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் கடற்கரை ஊர் ஷிமோனியின் நாவிதன் வாயிலிருந்து. "பெம்பாத் தீவுலேர்ந்து மக்காமேன்னு ஒருத்தன் வந்து எறங்கியிருக்கானாம். முடி வெட்டிக்க ஒக்காந்தான், பாதியில எந்திரிச்சான், போயிட்டான். என் கத்திரியும் போயிடுச்சு! தலையில ஒரு பக்கம் மட்டும் முடி இருக்கும், பாத்தா பிடிச்சு வைங்க!" என்று கடைத்தெரு முழுக்கக் கத்திக்கொண்டு போனான்.

மறுநாள் கத்திரி திரும்பி வந்தது. கூடவே ஒரு தீர்ப்பும் வந்தது. "முடிக்கு ஆகும். தூண்டில் நூலுக்கு ஆகாது."

அன்றைக்கே எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் தங்கை மகள் ரிசிக்கியை அவனுக்கே கட்டிக் கொடுத்தோம்.

கடற்கரையில் மீன் பிடிப்பவன் ஒருவன், மீன் விற்பவன் ஒருவன், சும்மா உட்கார்ந்து மீனுக்குக் குறை சொல்லித் தின்பவன் ஒருவன் என்று மூன்று வகை ஆண்களைத்தான் எங்கள் அம்மா எண்ணிக் காட்டியிருந்தாள். நாலாவது வகை ஒன்று உண்டு, அதை அவள் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். கத்திரி பார்ப்பவன். வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் அந்த வேலைக்கு உகந்த ஆயுதம் எது என்று யோசிப்பான். யோசித்து முடிப்பதற்குள் வேலையை வேறு யாராவது முடித்துவிட்டுக் கை கழுவியிருப்பார்கள். உங்கள் ஊரில் அப்படி ஆள் இல்லை என்கிறீர்களா? இருங்கள், கேளுங்கள்.

அவனையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. தூண்டிலில் பழைய தங்கூசி நரம்பாக இருந்தால் எந்தக் கழுதையும் வெட்டிவிடும். சுற்றுலா வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து, போகும்போது விட்டுப்போகிற அந்தப் பின்னல் நூல் இருக்கிறதே, அது வேறு பிறவி. எட்டு இழையை இறுக்கிப் பின்னியது. மொண்ணைக் கத்திரிக்கு நடுவில் வைத்தால் வெட்டுப்படாமல் மடங்கிப் படுத்துக்கொள்ளும். பலம் கொடுத்தால் வழுக்கும். எப்படியோ அறுத்துவிட்டாலும் நுனி பஞ்சாகப் பிரிந்து, தூண்டில் முள்ளின் காதுக்குள் நுழையமாட்டேன் என்று அடம்பிடிக்கும். ரிசிக்கியின் மாமியார்கூட அவ்வளவு அடம் கிடையாது.

ஆகவே மக்காமே பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றில் ஆயுதம் சேர்த்தான். நகவெட்டி ("நகத்துக்கே யோசிக்குது"), சவர பிளேடு ("நல்லா வெட்டும், விரலையும் சேத்து"), ரொட்டி அறுக்கும் கத்தி, மின்சாரக்காரனிடம் வாங்கிய குறடு, தையல்காரன் கண்ணீரோடு கொடுத்த பெரிய கத்திரி, சிகரெட் பற்றவைக்கும் லைட்டர் ("சுட்டா நுனி உருகிக் குண்டாயிடுது"), மருத்துவச்சி தொப்புள்கொடி வெட்டுகிற கத்திரி! அந்தக் கத்திரியை அவன் திருப்பித் தரும்வரை ஊரில் யாரும் பிள்ளை பெறக் கூடாது என்று மருத்துவச்சி பள்ளிவாசல் பக்கம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். இன்னும் இப்படி நாலைச் சேர்த்து எல்லாமாகப் பதினொன்று. பன்னிரண்டாவது, வாயில் பொடிப்பொடியாகப் பல் வைத்த சின்னக் கத்திரி. ஒரு ஜப்பான்காரர் கொடுத்தது. அந்தப் பல் நூலைக் கவ்விப் பிடித்து ஒரே நறுக்கில் நறுக்கும். அதை மட்டும் அவன் துணியில் சுற்றி அடியில் வைத்திருந்தான்.

"அதாலயே வெட்டேன்யா" என்றேன் ஒருநாள்.

"பெரியம்மா, நல்ல கத்திரிய நூல் வெட்டித் தேய்ப்பாங்களா?"

நான் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனேன்.

இப்படியே வருஷங்கள் போய், அவன் மகள் ஆஷுராவுக்கு வாங்கா என்ற ஊரில் சம்பந்தம் முடிந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "ஷிமோனி வீட்டுச் சோத்துல மீன் வாசம் வரும், மீன் வராது." அது மக்காமேக்குச் சுருக்கென்று தைத்தது. "கல்யாணத்துக்கு ஆடு வேணாம், மாடு வேணாம். வஞ்சிரம் போடறேன். ஆள் உயர வஞ்சிரம். அந்தம்மா முள்ளு எடுத்தே களைச்சுப் போகணும்" என்று ஊர் நடுவில் நின்று சொன்னான். ரிசிக்கி அந்த வார்த்தையை நம்பி ஆட்டுக்காரனை வேண்டாமென்று அனுப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை விடியலில் மக்காமேயும் ரிசிக்கியின் தம்பி கொம்போவும் படகு எடுத்தார்கள்.

பிறகு நடந்ததைக் கொம்போ எனக்கு மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் தலையில் அடித்துக்கொண்டுதான் சொன்னான்.

வாசினித் தீவுக்கு அந்தப் பக்கம் கூட்டம் கூட்டமாக வஞ்சிரம் துள்ளியது. கொம்போ போட்ட தூண்டிலில் போட்டவுடன் ஒன்று மாட்டியது. அது ஓடின ஓட்டத்தில் கொம்போவின் நூலும் மக்காமேயின் நூலும் ஒன்றோடொன்று சுற்றிக் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ள, மீன் கழன்று போயிற்று. போகட்டும், இன்னும் நூறு துள்ளுகிறது. வெட்டு, முடிச்சுப் போடு, திரும்ப வீசு. அவ்வளவுதானே?

"மச்சான், வெட்டு!"

மக்காமே பெட்டியைத் திறந்தான்.

"எதால வெட்டறது?"

"எதாலயாச்சும் வெட்டு மச்சான்! மீன் நிக்காது!"

"எதாலயாச்சும்னா? வெட்டறது வேற, அறுக்கறது வேறடா. அவசரப்பட்டா நுனி பிரிஞ்சிடும்."

கொம்போ தன் இரைக்கத்தியைத் தேடினான். அது இல்லை. துரு நூலைக் கெடுக்கும் என்று மக்காமேதான் அதைக் கரையிலேயே வைக்கச் சொல்லியிருந்தான். கொம்போ நூலை வாயில் வைத்தான். மக்காமே பாய்ந்து அவன் தாடையைப் பிடித்துக்கொண்டான். "பல்லாலயா! நீ மனுசனா?"

இதில் இன்னொரு வில்லங்கம். எங்கள் கடலில் கூர்மையான எதையும் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் சண்டை வரும். ஒருவன் பலகையில் வைக்க வேண்டும், மற்றவன் அதை எடுக்க வேண்டும். மக்காமே ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்தான், கொம்போ எடுத்து வெட்டிப் பார்த்தான், திரும்பப் பலகையில் வைத்தான், மக்காமே நுனியை வெயிலில் தூக்கிப் பார்த்து "ம்ஹூம்" என்றான். நகவெட்டி ம்ஹூம். குறடு ம்ஹூம். தையல் கத்திரி பலகையிலிருந்து சறுக்கித் தண்ணீரில் விழுந்தது. அது நல்ல கத்திரி இல்லை என்று மக்காமே ஆறுதல் சொன்னான். துள்ளிக்கொண்டிருந்த மீன் நூறிலிருந்து ஐம்பதாயிற்று, ஐம்பதிலிருந்து பத்தாயிற்று.

"மச்சான், அந்த ஜப்பான் கத்திரி! ஒங்க மக கல்யாணம் மச்சான்!"

மக்காமே கண்ணை மூடினான். துணியைப் பிரித்தான். நறுக்.

அப்படி ஒரு வெட்டாம். ஒரு இழை பிரியவில்லையாம். நூல் தானாகவே முள்ளின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதாம். முடிச்சைப் போட்டு, இரை குத்தி வீசினார்கள். கடைசியாகப் போன மீன், அதுதான் எல்லாவற்றிலும் பெரியது, வந்து கவ்வியது. ஆள் உயரம்! படகே திரும்பியது என்றான் கொம்போ. மக்காமே இழுக்கிறான், கொம்போ கொக்கியை எடுத்துக்கொண்டு குனிகிறான், மீனின் கண் தெரிகிறது, கண்.

டொப்.

மீன் இல்லை.

வஞ்சிரம் பிடிக்கப் போகிறவன் முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் கம்பி கட்டுவான். கட்டாவிட்டால் மீன் நூலைக் கடித்து அறுத்துவிடும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். வெட்டின அழகைப் பார்த்த சந்தோஷத்தில் மக்காமே கம்பியை மறந்துவிட்டான்.

கொம்போ படகின் அடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். மக்காமே நூலை மெதுவாக இழுத்து, மீன் கடித்த நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தான்.

"கொம்போ."

"என்ன?"

"என்ன வெட்டுடா இது! ஜப்பான்காரன் தோத்தான் போ."

கரையில் அவன் வெறுங்கையோடு இறங்கியதும் ரிசிக்கி கடலைத்தான் பார்த்தாள். கடல் வற்றிக்கொண்டிருந்தது. "பெரியம்மா, வாங்க" என்றாள். சித்தி, அத்தை, நாத்தனார், அவள் மருமகள் என்று பதினாலு பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆளுக்கொரு இரும்புக் கம்பியோடு பவளப் பாறைமேல் இறங்கினோம். கம்பியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. என்னுடையது பழைய குடைக்கம்பி. தண்ணீர் ஏறுவதற்குள் பொந்து பொந்தாகக் குத்தி இரண்டு கூடை கணவாயை இழுத்துப் போட்டோம், எட்டுக்காலும் கையில் சுற்றிக்கொள்ளும் பெரிய பேய்க்கணவாய். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வாங்காக்காரர்கள் வந்தபோது தேங்காய்ப்பால் ஊற்றி வெந்துகொண்டிருந்தது. அந்த அத்தைக்காரி மூன்று தரம் போட்டுக்கொண்டாள். "மீன் எங்க?" என்று கேட்க அவள் வாய் காலியாகவே இல்லை.

ரிசிக்கி விட்டுவிடுவாளா? எங்கள் பெண்கள் உடுத்துகிற சோடித் துணியில் கீழே ஒரு வாசகம் அச்சடித்திருக்கும். வாயால் சொன்னால் சண்டை. இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தால் யாரும் எதுவும் கேட்க முடியாது. வியாழன் சாயங்காலம் கடைக்கு ஆள் அனுப்பி அவள் வாங்கின துணியில் இருந்த வாசகம் இது: "மண்வெட்டியைத் தேர்ந்துகொண்டிருப்பவன் உழவன் அல்ல." இரண்டும் சேர்ந்தே வரும் சோடியை அவசரமாக நடுவில் வெட்டி, ஓரம் தைக்க நேரமில்லாமல் அப்படியே கட்டிக்கொண்டு, கல்யாணக் கூட்டத்தில் புருஷன் முன்னால் நாலு முறை போனாள், நாலு முறை வந்தாள். பெண்கள் எல்லாரும் படித்துவிட்டுக் குலவை போட்டார்கள்.

மக்காமேயும் உற்றுப் பார்த்தான். எழுந்தான். குனிந்து அந்தத் துணியின் விளிம்பை விரலால் தடவினான். அழப்போகிறான், மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நான் நினைத்தேன்.

"ஆஷுரா அம்மா, இத எதால வெட்டுன? ஓரம் பிரியுது பாரு."

"ஒங்க ஜப்பான் கத்திரியாலதான், ஆஷுரா அப்பா!"

அப்போதுதான் அவன் அழுதான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடிதம் எழுத உட்கார்ந்து பேனாவை மாற்றி மாற்றிக் கிறுக்கிப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதாமலே எழுந்தீர்களே, அது யார்? அரிவாள்மணைக்குச் சாணை பிடிக்க ஆள் வரட்டும் என்று வாங்கின பூசணியை அழுகவிட்டது எந்த வீட்டில்? உங்கள் மேஜை இழுப்பறையின் அடியில் துணி சுற்றி ஒன்று கிடக்கிறதா இல்லையா? நான் வந்து பார்க்கப் போவதில்லை. நீங்களே போய்ப் பாருங்கள்.

மக்காமே இப்போது கடலுக்குப் போவதில்லை. ஷிமோனி படகுத்துறையில் ஐஸ் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் கத்திரிகளுக்குச் சாணை பிடிக்கிறான். பெட்டியில் ஜப்பான் கத்திரி இருந்த இடத்தில் காய்ந்த வஞ்சிரத் தாடை ஒன்று இருக்கிறது.