சாக்கு யாரையும் கடிக்காது

"எந்தக் கிழமை? எத்தனை மணிக்கு?" என்று கேட்டபடி எகோன் பாக்கெட் டைரியைத் திறந்ததும் ஜுரேமாவுக்குக் காபி புரையேறியது.

தெற்கே ப்ளுமெனாவிலிருந்து அவள் வேலை பார்க்கும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தவன் அவன். சேர்ந்து இரண்டே நாள். மரியாதைக்கு, "ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்" என்றாள். எங்கள் ரியோவில் இதைப் பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்வோம். விலாசம் தரமாட்டோம், யாரும் கேட்கவும் மாட்டார்கள். இப்படி நாள் குறிக்க டைரி எடுத்தவனை அவள் பார்த்ததே இல்லை. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லவும் எங்களுக்கு வராது.

"சனிக்கிழமை... அஞ்சு மணி" என்று வாய் தானாக உளறிவிட்டது.

சனிக்கிழமை ஐந்து மணிக்குத்தான் சாம்பா ஒத்திகை. கார்னிவல் ஊர்வலத்தில் அகலப் பாவாடை சுழல ஆடும் பெண்கள் வரிசையில் இடம் பிடிக்க அவள் ஒன்பது வருஷம் காத்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு ஒத்திகைக்கு மட்டம் போட்டாயிற்று. இன்னொன்றுக்கு வராவிட்டால் பாவாடை வேறொருத்திக்கு என்று வரிசைத் தலைவி சொல்லிவிட்டாள். எகோனிடம் உண்மையைச் சொல்லவும் வழியில்லை. பரணில் ஏறிப் பத்திரக் கட்டு எடுக்கும் வேலையிலிருந்து தப்பிக்க, முட்டிவலி என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"ஏதாவது பொய் சொல்லேன்" என்றான் கணவன் வால்டிர்.

"பொய்யெல்லாம் பாவம். சாக்குச் சொன்னாப் போதும். சாக்கு யாரையும் கடிக்காது."

வியாழக்கிழமை, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம் என்று சாக்குச் சொன்னாள்.

"என்கிட்ட ஏணி இருக்கு, பிரஷ் இருக்கு. கொண்டு வர்றேன்" என்றான் எகோன்.

ஒரே ஒரு சுவர்தான், நாளைக்கே முடிந்துவிடும் என்று அவசரமாக மழுப்பினாள். அப்படியானால் சனிக்கிழமைக்குத் தடையில்லை என்று அவன் கொஞ்சம் சோர்வாகச் சொன்னான். மழுப்பல் அவளையே மாட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை, வால்டிருக்குக் கடும் காய்ச்சல் என்றாள். இது சாக்கைத் தாண்டிய சுத்தமான புளுகு. தன் மனைவி ஹெட்விக் நர்ஸ் என்றும், ஊசியோடு வருவாள் என்றும் எகோன் சொன்னான். அவங்களுக்கு எதுக்குச் சிரமம் என்றாள் ஜுரேமா. சிரமமே இல்லை என்றான்.

புளுகுக்கு ஆதாரம் வேண்டுமே. சனிக்கிழமை காலையிலேயே கூடத்துச் சுவர் ஒன்றுக்குப் பச்சை அடித்தாள். பிப்ரவரி வெயிலில் வால்டிரை இரண்டு கம்பளிக்குள் சுருட்டிப் படுக்கவைத்தாள். மத்தியானத்துக்குள் அவனுக்கு நிஜமாகவே நெற்றி சுட்டது. புலம்பியபடியே கிடந்தான்.

நாலரைக்கு வரிசைத் தலைவி போன் செய்தாள்.

"இதோ, வந்துட்டே இருக்கேன்" என்றாள் ஜுரேமா, சுவருக்கு இரண்டாம் பூச்சு அடித்தபடியே.

"அஞ்சரை வரைக்கும் பாப்பேன். அப்புறம் பாவாடையை மறந்துடு."

சரியாக ஐந்துக்கு வாசல் மணி அடித்தது. ஊசியோடு வந்த ஹெட்விக் நேரே வால்டிரின் அறைக்குப் போனாள். எகோன் கேக் டப்பாவை நீட்டிவிட்டு, ஈரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சட்டையில் பச்சை ஒட்டியதை யாரும் சொல்லவில்லை. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். தெருக்கோடியில் ஒத்திகை மேளம் ஆரம்பித்தது. ஐந்தரை தாண்டியதும் போனில் செய்தி வந்தது. பாவாடை கைமாறிவிட்டது. கேக் வெட்டும் சாக்கில் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வால்டிருக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவ வந்த ஹெட்விக் அவளருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா, அவருக்கு அடுத்தவங்க வீட்டுக்குப் போறதே வேப்பங்காய். ரியோவுல யாராவது கூப்பிட்டா உடனே கிழமையும் நேரமும் கேட்டுடு, பயந்துபோய் விட்டுடுவாங்கன்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. அப்புறம் ஏணி, ஊசின்னு என்னென்னவோ சொல்லி மிரட்டியும் பாத்தாரு. நீங்கதான் விடவே மாட்டேன்னுட்டீங்க."