காதில் ஏறிய கல்வி

இனி இந்த வீட்டில் என் காது எனக்கு மட்டும்தான் என்று போன ஐப்பசியில் முடிவெடுத்தேன். எடுத்த முடிவில் எட்டு மாதம் நின்றேன். தென்காசியில் இவ்வளவு காலம் நின்ற கணவன் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

கல்யாணப் பத்திரிகையும் கோவில் கொடைத் திருவிழாப் போஸ்டரும் வடிவமைப்பது என் தொழில். வீட்டிலேயே ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர். கைக்குத்தானே வேலை, காது சும்மா கிடக்கிறதே என்று பெரிய ஹெட்போன் வாங்கினேன். போனில் அறிவு வளர்க்கும் பாட்காஸ்ட்களாகப் போட்டுக் கேட்டேன். மாப்பிள்ளைக்கு மாலை வரையும்போது பாண்டியர் காலத்து ஏரிப் பாசனம். அம்மனுக்குக் கிரீடம் வைக்கும்போது கடல்வாழ் உயிரினங்கள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயமாம். எனக்கு இருப்பது ஒன்றுதான். அதுவும் என் மனைவி அனுசியா “இங்க பாருங்க” என்றால் நின்றுவிடும்.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. மோட்டார் போடச் சொல்வாள், மாவு அரைத்து வரச் சொல்வாள். நான் கேள்வி ஞானத்தில் இருப்பேன். முதல் மாதம் உண்மையிலேயே கேட்கவில்லை. அப்புறம் கேட்டும் கேட்கவில்லை. கற்பனை ஒருமுறை அறுந்தால் ஒட்டாது என்று அவளுக்கு விளக்கினேன். மறுபேச்சு பேசாமல் போனாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஆனி கடைசியில் சாரல் தொடங்கியது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் தென்காசி வீடுகளில் உறவினர்கள் விழுவார்கள். அன்று காலை கடையத்துக் கோவில் போஸ்டர் ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன். பாட்காஸ்ட் எதுவும் ஓடவில்லை. ஹெட்போன் மட்டும் ஒரு பாதுகாப்புக்காகக் காதில் இருந்தது. அனுசியா நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். குரல் வழக்கத்துக்கு மாறாக மெதுவாக இருந்தது.

“சிவகிரியிலருந்து எங்கண்ணன் வீட்டுல ஒம்பது பேரு சீசனுக்கு வாராவ. பத்து நாளு. இந்த ரூமுலதான் தங்குதாவ. வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்லிருங்க. சும்மா இருந்தா சரின்னு எடுத்துக்கிடுதேன்.”

மௌஸ் நின்றது. வேண்டாம் என்றால், காது கேட்கிறது என்றாகிவிடும். எட்டு மாதத்து மோட்டாரும் மாவும் மொத்தமாகக் கிளம்பி வரும். யோசித்தேன். ஒன்பது பேர் பத்து நாளில் போய்விடுவார்கள், அனுசியா போகமாட்டாள். ஏதோ பேருரையில் மூழ்கியவன் போல மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டு, அம்மனுக்குக் கிரீடத்தை வைத்தேன்.

விடியக்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரையும் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப் போவதும் நான்தான் என்றாள். அதற்கும் ஆட்டினேன்.

அவள் முந்தானையிலிருந்து என் போனை எடுத்துக் கீபோர்டு பக்கத்தில் வைத்தாள்.

“காலையிலருந்து ஆஃப் பண்ணி எங்கிட்டதான் வச்சிருக்கேன். எதைக் கேட்டுத் தலையாட்டுதிய?”

அந்தக் கேள்வி மட்டும் எனக்கு மிகத் தெளிவாகக் கேட்டது.