சமையல்காரர் மட்டும் போன படகு

காரைக்காலில் பிறந்தவர், பிழைக்க வந்தவர், பஸ்ஸில் தூங்கிப்போய்த் தவறி இறங்கியவர் எல்லாரையும் சேர்த்தாலும், பிராக்கெட் அண்ணனைப் போல என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் வேறு யாரும் கிடையாது.

இரண்டாயிரங்களில் நான் வேலை பார்த்தது கடைத்தெரு மாடியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸ். வெப்சைட் செய்து கொடுப்போம். இருந்தது ஒரே ஒரு ஏ.சி. அதற்கு நேர் கீழே இருந்த நாற்காலி கெட்டிக்காரனுக்கு என்பது முதலாளி போட்ட சட்டம். சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அதன் மேல்தான் கண். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த பிராக்கெட் அண்ணன் அதில் போய் உட்கார்ந்தார். அதுவும் எப்படி? தலையில் ஒரு பூப்போட்ட துண்டைப் போர்த்திக்கொண்டு, பட்டாபிஷேகம் முடிந்தவர் மாதிரி.

எண்ணிக்கை சொல்வதென்றாலே அவருக்கு ஆகாது. டீக்கடையில் “எத்தன டீண்ணே?” என்று கேட்டால், இரண்டு கைகளையும் சதுர அடைப்புக்குறி போல வைத்துக் காட்டி, “வர்ற ஆளுக்கெல்லாம் போடு” என்பார். தப்பித்தவறி எண்ணினால் சைபரிலிருந்து தொடங்குவார். கோவில்பத்தில் அவர் வீடு “சந்துல ரெண்டாவது” என்றதை நம்பி ஒருநாள் போனேன். கதவைத் திறந்த யாரோ ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவரு ரெண்டாவதுன்னா நமக்கு மூணாவதுங்க. அவரத் தேடி வர்றவங்க எல்லாம் மொதல்ல இங்கதான் வருவாங்க. இருங்க, காபி போட்டாச்சு.”

இப்படிப்பட்ட மனிதருக்கு ஏ.சி. என்றால் வயிறு எரியுமா, எரியாதா?

அப்போதுதான் விசைப்படகு சங்கத்து வேலை வந்தது. எந்தப் படகில் யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்று பதிய ஒரு பக்கம் வேண்டும். முதலாளி என்னிடம் கொடுத்தார். நாற்காலி கைக்கு எட்டிவிட்டது என்று நினைத்தேன். எட்டுப் பெட்டிகள் போட்டு, எட்டுக்கும் ‘பெயர்’ என்றே பெயர் வைத்தேன். ஒரே பெயரில் எட்டு வந்தால், நாங்கள் புரோகிராம் எழுதிய பி.எச்.பி. மொழி முதல் ஏழையும் விழுங்கிவிட்டுக் கடைசியை மட்டும் வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. நம் படகுக்காரர்கள் பட்டியல் எழுதும்போது, முதலில் மரியாதைக்கு ஓனர் பெயர், அவர் கரையிலேயே இருந்தாலும். கடைசியில் சமையல்காரர்.

சங்கத் தலைவர் படியேறி வந்தார்.

“தம்பி, எம் போட்டுல சமையக்காரன் மட்டும்தான் போயிருக்கான்னு காட்டுது. அவன் மீனு புடிப்பானா, கொழம்பு வைப்பானா?”

பிராக்கெட் அண்ணன் எழுந்து வந்து, ‘பெயர்’ என்பதற்குப் பின்னால் [] என்று ஒரு வெற்று அடைப்பைப் போட்டார். அவ்வளவுதான். எட்டுப் பெயரும் வரிசையாக வந்து நின்றன. “எத்தன பேரு வந்தாலும் ஏத்திக்கும்” என்று சொல்லிவிட்டுத் துண்டைச் சரிசெய்துகொண்டு நாற்காலிக்குத் திரும்பினார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூடவே, ‘போகிறாரா’ என்று ஆளுக்கொரு டிக் கட்டத்தைச் சேர்த்து, அதற்கும் அதே வெற்று அடைப்பைப் போட்டுவைத்தார். ஒரு வாரம் போயிருக்கும். தலைவர் போன் செய்தார். எடுத்தது நான்.

“தம்பி, நான் நெடுங்காட்டுல காதுகுத்துப் பந்தியில உக்காந்திருக்கேன். உங்க கம்ப்யூட்டருல நான் நடுக்கடல்ல இருக்கேனாம். சமையக்காரன் வூட்ல இருக்கானாம். அப்ப போட்டுல சோறு ஆக்குறது யாரு?”

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. உட்கார்ந்து துருவினேன். டிக் போடாத கட்டத்தை பிரவுசர் அனுப்புவதே இல்லை. பட்டியலில் முதல் பெயர் ஓனரான தலைவர்; கரையில் இருந்ததால் அவருக்கு டிக் கிடையாது. அதனால் மற்ற ஏழு டிக்கும் ஓரிடம் மேலே ஏறிவிட்டன. ஒவ்வொரு பெயருக்கும் அதன் டிக்குக்கும் அடைப்புக்குள் ஒரே எண்ணைப் போட்டேன். தலைவர் கரையேறினார், சமையல்காரர் கடலுக்குப் போனார்.

எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். “அண்ணே, உங்க வெறும் பிராக்கெட்டு தப்பு. உள்ள நம்பர் போடணும்.”

முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன். அவரோ முதலாளி அறைக்குப் போய், “தம்பி கண்டுபுடிச்சிட்டான் சார். எனக்கே தோணல” என்று சொல்லிவிட்டு, வர்ற ஆளுக்கெல்லாம் டீ சொன்னார். பிறகு நாற்காலியைத் தட்டி, “உக்காரு” என்றார்.

உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் உச்சந்தலையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று பிடரியில்.

“அண்ணே, இது சொட்டுதே. ஏண்ணே சொல்லல?”

“நீ அவ்ளோ ஆசையா பாத்துக்கிட்டே இருந்த. எப்படிடா சொல்றது?” என்றவர், பூப்போட்ட துண்டை எடுத்து என் தலையில் போட்டுவிட்டு, என் பழைய வெக்கை நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் எத்தனையோ ஆபீஸ் பார்த்துவிட்டேன். மனசாரப் பொறாமைப்பட இன்னொரு ஆள் எனக்குக் கிடைக்கவே இல்லை.