அப்பாவுக்குப் போடும் நாற்காலி

அன்பும் மரியாதையும் நிறைந்த உலகம்மை அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் தன்யா வணங்கி எழுதுவது. ஆரல்வாய்மொழியில் நீங்களும் மாமாவும், காற்றாலைக்குக் கீழே மேய்கிற ஆடுகளும் சுகம் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம். நாளை மதியம் வரைதான். பேசினால் அப்பாவுக்குக் கேட்டுவிடும் என்று போர்வைக்குள் உட்கார்ந்து எழுதி, அம்மா போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடுங்கள்.

எங்கள் சமூக அறிவியல் ஜாஸ்மி டீச்சர், யாரைத் திருடன் என்கிறோம், யாரை அப்படிச் சொல்வதில்லை, அதை முடிவு செய்வது யார் என்று பாடம் எடுத்தார். அக்கம்பக்கத்திலிருந்து உதாரணம் கேட்டார். எனக்கு எதற்கு அத்தை இந்த வாய்? நானே எழுந்து, "எங்க ஊர்க் குளத்துல நாலு தாமரை பறிச்ச வினோஜ் அண்ணனை எங்கப்பா போலீஸ்ல பிடிச்சுக் குடுத்தாவ டீச்சர். அதே குளத்துக்குள்ள எங்க தோப்பு வேலியத் தள்ளிப் போட்டதும் எங்கப்பாதான். அவியள யாரும் பிடிக்கல்ல" என்றேன். வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். உட்கார்ந்த பிறகுதான் யாரைப் பற்றிச் சொன்னேன் என்பதே உறைத்தது.

டீச்சர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தண்டனை பற்றிப் பிறகு பார்க்கலாம், யாருக்கு என்ன நஷ்டம், எப்படிச் சரிசெய்வது என்று சம்பந்தப்பட்டவர்களே வட்டமாக உட்கார்ந்து பேசட்டும் என்று சொல்லி, வினோஜ் அண்ணனையும் அப்பாவையும் நாளைக்கு வகுப்புக்குக் கூப்பிட்டுவிட்டார். அப்பாவோ தன்னைச் சிறப்பு விருந்தினர் என்று நினைத்துவிட்டார் அத்தை! வேட்டிக்குக் கஞ்சி போட்டாயிற்று. "ஏட்டி மக்கா, மாலை போடுவாவளா, பொன்னாடையா?" என்று என்னிடம் கேட்கிறார். "நாற்காலி போடுவாவப்பா" என்றேன். "அது எல்லாருக்கும் போடுவாவல்லா!" என்று சிரிக்கிறார். சாயங்காலம் ரசவடை வாங்கிவந்து, "எல்லாம் உன்னாலதான் மக்கா" என்று தலையைத் தடவினார். கடித்த வடையைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டேன். வேலி விஷயத்தில்தான் அப்பா அப்படி, மற்றபடி எவ்வளவு நல்லவர் என்று உங்களுக்குத் தெரியாதா? எல்லோர் முன்னாலும் அவர் முகம் வாடினால் என்னால் தாங்க முடியாது.

ஆகவே விடிந்ததும் அப்பாவுக்குப் போன் செய்து, நெஞ்சு வலிக்கிறது, உடனே வா என்று சொல்லுங்கள். நெஞ்சு வேண்டாம் என்றால் முட்டு வலி போதும். தங்கைக்கு என்றால் செருப்புகூடப் போடாமல் ஓடிவருவார்.

மாமாவுக்கு என் வணக்கம். ஆடுகளுக்குத் தடவல்.

பயத்துடனும் பாசத்துடனும்,
தன்யா

பி.கு.: படம் எடுக்க எழுந்தால், கூடத்தில் அப்பா கண்ணாடி முன் நின்று பேசிப் பார்க்கிறார். "வேலி தானா நகந்து..." என்று தொடங்கி, நிறுத்தி, தலையைச் சொறிந்து, "இல்ல, நாந்தான் நகத்தினேன். வினோஜே, நாலு பூவுக்கு நான் செஞ்சது கூடிப்போச்சு மக்கா" என்றார். என்னைப் பார்த்ததும், "டீச்சர் போன்லயே எல்லாத்தையும் சொல்லியாச்சு. மாலை கேட்டது உன் முழியப் பாக்கத்தான்" என்றார். அதனால் உங்களுக்கு நெஞ்சும் வலிக்க வேண்டாம், முட்டும் வலிக்க வேண்டாம். மாமாவை அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள். வட்டத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லப்போகிறாராம் அப்பா. வேலிக்குக் கம்பியும் கல்தூணும் கொண்டுவந்து இறக்கி, "இன்னும் ரெண்டடி குளத்துக்குள்ள தள்ளுங்க அத்தான்" என்றது மாமாதானாமே!