ஆறாம் பக்கத்து மறதி

இனிமேல் இந்த வீட்டில் பாத்திரம் கழுவுவதில்லை என்று துணையாசிரியர் சபதம் எடுத்தபோது, அவர் கையில் அடிப்பிடித்த பால் பாத்திரம் ஒன்று இருந்தது. சபதம் மனசுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் எடுக்கிற தைரியமெல்லாம் கல்யாணத்துக்கு முந்தின நாளோடு அவரை விட்டுப் போய்விட்டது. அதனால் சத்தம் போடாமல் பாத்திரத்தைச் சுரண்டி முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வழி யோசித்தார்.

அவர் வேலை பார்த்தது ஒரு மாலைப் பத்திரிகையில். மாலைப் பத்திரிகை மத்தியானமே அச்சுக்குப் போய்விடும் என்பதால் நாலு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். மனைவி மருந்துக் கடையில் வேலை. கடை சாத்திவிட்டு வர இருட்டிவிடும். சமைப்பது அவள், கழுவுவது அவர் என்று பங்கு பிரித்தபோது நியாயமாகத்தான் பட்டது. கீழ் வீட்டு டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஒரு செஸ் பலகை வாங்கிய நாளிலிருந்துதான் அந்த நியாயம் கசக்க ஆரம்பித்தது. சாப்பாடு முடிந்ததும் கீழே காய் அடுக்கும் சத்தம் கேட்கும். மேலே இவர் முழங்கை வரை சோப்பு நுரையில் நிற்பார். பாத்திரத்தை ஒப்பேற்றிவிட்டு விழுந்தடித்து இறங்கிப் போனால், வாத்தியார் கொட்டாவி விட்டபடி காய்களைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருப்பார். நாளெல்லாம் காத்திருந்த ஒரு மணி நேரம் அப்படிக் கைநழுவிப் போவது துணையாசிரியருக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஆபீசில் அவருக்கு ஆறாம் பக்கம். செய்தி குறைந்து பக்கத்தின் அடியில் நாலு விரல் இடம் மிஞ்சினால் அதை ஓர் ஆய்வை வைத்து அடைப்பது அவர் பொறுப்பு. உலகத்தில் எங்காவது ஒரு பல்கலைக்கழகத்தில் யாராவது எதையாவது ஆராய்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள். செய்தி நிறுவனம் அதை இரண்டு பக்கத்துக்கு அனுப்பும். இவர் நாலு விரலுக்குச் சுருக்குவார். எத்தனை பேரை ஆராய்ந்தார்கள், அவர்கள் யார், எவ்வளவு காலம், "இதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது" என்று ஆராய்ந்தவரே சொன்னது, இதெல்லாம் இடத்தை அடைக்கிற சங்கதிகள் என்பது அவர் கட்சி. கத்தரி முதலில் அங்கேதான் பாயும். கடைசியில் "ஆய்வில் தெரியவந்துள்ளது" என்பது மட்டும் பத்திரமாக மிஞ்சும். காபி ஆயுளைக் கூட்டும் என்று திங்கட்கிழமை போட்டார், காபி ஆயுளைக் குறைக்கும் என்று வியாழக்கிழமை போட்டார். வாசகர்கள் இரண்டு நாளும் காபி குடித்துக்கொண்டே படித்தார்கள். எழுதியவர் மட்டும் ஒன்றையும் நம்புவதில்லை, தன் ஓட்டலில் தான் சாப்பிடாத சமையல்காரரைப் போல.

சபதம் எடுத்த அதே வாரம், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஓர் ஆய்வு வந்து சேர்ந்தது. பாத்திரம் கழுவுபவர்களுக்கு ஞாபக சக்தி குறைகிறதாம். துணையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு கத்தரியை எடுத்தார். அன்றைக்கு ஆறாம் பக்கத்தில் "பாத்திரம் கழுவும் ஆண்களுக்கு மறதி: ஆய்வில் அதிர்ச்சித் தகவல்" என்று கொட்டை எழுத்தில் வந்தது. ஆண்கள் என்ற சொல் மூலத்தில் இல்லை. இடம் கொஞ்சம் மிஞ்சியதால் சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறாம் பக்கம் மேலே தெரிகிற மாதிரி பத்திரிகையை மடித்துச் சாப்பாட்டு மேஜையில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மனைவி வந்தாள், செருப்பைக் கழற்றினாள், பார்த்தாள், நின்றுகொண்டே படித்தாள்.

"எத்தனை பேரை வச்சுப் பார்த்தாங்களாம்?"

"நிறையப் பேர்."

"நிறையன்னா? பத்தா, பத்தாயிரமா?"

"ஞாபகம் இல்லை."

"வீட்ல கழுவுறவங்களா, வேலையாக் கழுவுறவங்களா?"

"அதுவும் ஞாபகம் இல்லைம்மா."

"இன்னிக்குக் காலையில நீங்களே எழுதினதுதானே?"

"நான்தான் எழுதினேன். ஞாபகம் இல்லை."

அவள் பத்திரிகையை மடித்து வைத்தாள். டாக்டர் கையெழுத்து புரியாத மருந்துச் சீட்டைப் பார்ப்பது போல அவரை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தாள். "அப்ப ஆய்வு சரிதான்," என்றாள். "இனிமே நீங்க பாத்திரத்தைத் தொட வேண்டாம்."

இவ்வளவு சுலபமாகக் காரியம் முடியும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார். அன்றைக்கு வாத்தியாரின் ராணியைப் பிடித்தார். மறுநாள் ஆட்டத்தையே பிடித்தார். மேலே பாத்திரங்கள் கணகணவென்று மோதும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருக்குச் சின்னதாக ஒரு குற்ற உணர்ச்சி வரும். குதிரையை நகர்த்தியதும் போய்விடும்.

நாலாம் நாள் வீடு திரும்பியபோது பால்கனி காலியாக இருந்தது. என்றைக்காவது ரிப்பேர் செய்துவிடலாம் என்று அவர் சேர்த்து வைத்திருந்த ஓட்டை ரேடியோக்கள் ஒரு பெட்டி நிறையக் காலை வரை அங்கே இருந்தன. இப்போது அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி உட்கார்ந்திருந்தது. அவர் பதறிப்போய்க் கடைக்குப் போன் செய்தார்.

"நீங்கதானே பழைய சாமான்காரருக்குப் போடச் சொன்னீங்க," என்றாள் மனைவி.

"நானா? எப்ப?"

"ஞாயித்துக்கிழமை, பல் தேய்ச்சுக்கிட்டு இருக்கும்போது. மறந்துட்டீங்க. பரவாயில்லை, உங்க மேல தப்பில்லை."

அந்த "உங்க மேல தப்பில்லை" இருக்கிறதே, அதுதான் அவரைக் கொன்றது. நான் சொல்லவில்லை என்று அடித்துச் சொன்னால், எனக்கு மறதி இல்லை என்று ஆகும். மறதி இல்லை என்றால் ஆய்வு பொய். ஆய்வு பொய் என்றால் மறுபடியும் சிங்க். ரேடியோவா செஸ்ஸா என்று ஒரு நிமிஷம் தராசில் போட்டுப் பார்த்தார். "சொல்லியிருப்பேன்," என்று போனை வைத்தார்.

அதோடு மடை திறந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டடை அடிப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார், மறந்துவிட்டார். மனைவியின் அக்கா வந்து ஒரு மாதம் தங்கட்டும் என்று அவரே வற்புறுத்தியிருந்தார், மறந்துவிட்டார். இருபது வருஷமாகத் தீராமல் கிடந்த வழக்குகளெல்லாம் மறுபடி விசாரணைக்கு வந்தன. கல்யாணமான புதிதில் ரயிலைத் தவறவிட்டது யாரால், கூடத்துச் சுவருக்கு அந்தப் பச்சைச் சாயத்தைத் தேர்ந்தெடுத்தது யார், எல்லாவற்றிலும் தீர்ப்பு அவருக்கு எதிராகவே விழுந்தது. அவர் தரப்பில் ஒரே சாட்சி அவருடைய ஞாபகம். அந்தச் சாட்சியின் யோக்கியதையை அவரே பத்திரிகையில் போட்டுக் கெடுத்திருந்தார்.

இதையெல்லாம்கூட செஸ்ஸுக்காகப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் செஸ்ஸிலேயே கை வைத்தார்கள். ஒருநாள் வாத்தியார் தன் யானையை நகர்த்தினார். இவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் யானையை நகர்த்தினார்.

"வாத்தியாரே, இப்ப என் முறை."

"நீங்க சிப்பாயை நகர்த்தினீங்களே சார். மறந்துட்டீங்களா?" வாத்தியார் முகத்தில் அப்படி ஓர் அனுதாபம். வண்டியைச் சுவரில் முட்டிய மாணவனிடம்கூட அவர் அவ்வளவு இதமாகப் பேசியதில்லை.

துணையாசிரியர் பலகையை உற்றுப் பார்த்தார். சிப்பாய் நகர்ந்த மாதிரியும் இருந்தது, நகராத மாதிரியும் இருந்தது. அன்றைக்குத் தோற்றார். அடுத்த நாளும் அப்படியே. தினமும் ஒரு தடவையாவது வாத்தியார் இரண்டு முறை சேர்த்து ஆடிவிட்டு அன்போடு நினைவூட்டினார்.

அங்கேதான் விஷயம் திசை மாறியது. அதுவரை மறந்த மாதிரி நடித்துக்கொண்டிருந்தவருக்கு, நிஜமாகவே மறக்கிறதோ என்று சந்தேகம் தட்டிவிட்டது. ஒரு நாள் வீட்டுச் சாவியை அரை மணி நேரம் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது. இன்னொரு நாள் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டு, எதற்கு ஏறுகிறோம் என்று நின்றார். யோசித்துப் பார்த்தால் இதெல்லாம் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. ஆனால் சின்ன வயசில் அதற்கு ஆய்வு இல்லை. எத்தனை வருஷமாகக் கழுவியிருக்கிறோம், எத்தனை தட்டு, எத்தனை டம்ளர் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில் அவருக்கு வியர்த்தது. தன் பெயரையே ஒருநாள் மறந்துவிட்டால் மனைவி என்ன சொல்வாள்? உங்க மேல தப்பில்லை என்பாள். அதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் முதல் வேலையாக ஆபீசில் பழைய குப்பையைக் கிளறி அந்த ஆய்வின் இரண்டு பக்கத்தையும் கண்டுபிடித்தார். தான் வெட்டி எறிந்த வரிகளை ஓர் எழுத்து விடாமல் படித்தார். ஆராயப்பட்டவர்கள் பதினாலு பேர். எல்லோரும் பெரிய ஓட்டல்களில் காலையிலிருந்து நடுராத்திரி வரை நின்றுகொண்டே கழுவுபவர்கள். அவர்களுக்குத் தூக்கம் போதாததே காரணமாக இருக்கலாம், பாத்திரத்தைக் குற்றம் சொல்ல இப்போதைக்கு ஆதாரம் போதாது என்று ஆராய்ந்தவர்களே எழுதியிருந்தார்கள். துணையாசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு நல்ல வரிகளையா இத்தனை வருஷம் குப்பையில் போட்டோம் என்று முதல் தடவையாக வெட்கமாகவும் இருந்தது.

அன்று சாப்பாடு முடிந்ததும் கீழே காய் அடுக்கும் சத்தம் கேட்டது. அவர் போகவில்லை. மனைவி எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தார். பதினாலு பேர், ஓட்டல், தூக்கம், தான் போட்ட கத்தரி, சேர்த்துக்கொண்ட "ஆண்கள்", ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் நாற்காலியில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு சாவகாசமாகக் கேட்டாள்.

"அப்ப உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் இல்லை?"

"ஒண்ணும் இல்லை. கல்லு மாதிரி இருக்கு."

"நல்லது. நான் அந்த ஆய்வை நம்பவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் திரும்பச் செஞ்சு பார்த்தாத்தான் நம்பலாம்னு எங்க கடையில மருந்து கம்பெனிக்காரங்க சொல்லுவாங்க. அதான் நானே செஞ்சு பார்த்துட்டேன்."

"எதை?"

"ஒருத்தரைக் கழுவ விட்டேன், ஒருத்தரைக் கழுவ விடலை. கீழ் வீட்டு வாத்தியார் இந்த மூணு வாரமும் அவங்க வீட்டுப் பாத்திரத்தைக் கழுவிட்டுத்தான் உங்களோட ஆட உட்கார்ந்தார். தினமும் ஒரு தடவை ரெண்டு முறை சேர்த்து ஆடுங்கன்னு சொல்லி வச்சிருந்தேன். ஒருநாள்கூட மறக்கலை."

வாத்தியாரின் அனுதாப முகம் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வாரத்துக்கும் துணையாசிரியரின் கண் முன்னால் வந்து போனது.

"அப்ப ரேடியோ? நான் போடச் சொன்னேனா இல்லையா?"

"சொல்லலை. ஆனா போட்டாச்சு. ஆய்வுன்னா கொஞ்சம் சேதாரம் இருக்கத்தான் செய்யும்."

"அக்கா?"

"வெள்ளிக்கிழமை வர்றா. நீங்க கூப்பிட்டீங்கன்னு ரொம்பச் சந்தோஷம் அவளுக்கு."

இனி இழக்க ஒன்றும் இல்லை என்ற தெம்பில் அவர் ஆய்வின் முடிவு என்ன என்று கேட்டார். கழுவியவருக்கு ஞாபகம் பிசகவில்லை என்றும், கழுவாதவர்தான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடினார் என்றும், ஆகவே பாத்திரம் கழுவுவது ஞாபகத்துக்கு நல்லது என்றும் அவள் விரல் மடக்கிச் சொன்னாள். துணையாசிரியருக்குள் இருந்த புது மனிதர் அதைக் கேட்டுத் துள்ளி எழுந்தார்.

"ரெண்டே ரெண்டு பேரை வச்சு இப்படி ஒரு முடிவுக்கு வரலாமா? இதை யாராவது நம்புவாங்களா?"

"வேண்டாம், முடிவை நம்பாதீங்க. பாத்திரத்தை நம்புங்க, சிங்க்ல இருக்கு."